புள்ளியும் பொலிவும்: நிழற்படத்தை அச்சுக்கு ஆயத்தம் செய்யும் முறை

தமிழ் எழுத்துக்குப் புள்ளி இன்றியமையாதது. 'க்' என்னும் மெய்யின் தலைமேலுள்ள புள்ளியை நீக்கினால் அது 'க' என்னும் உயிர்மெய்யாகிவிடுகின்றது. அரபு எழுத்திலோ புள்ளியின் ஆட்சி இன்னும் பெரிது. ஒரே வடிவத்தின் கீழே ஒரு புள்ளி இட்டால் 'பா'. மேலே இரு புள்ளி இட்டால் 'தா'. மூன்று புள்ளி இட்டால் 'ஸா'. மதரஸாவில் அடியெடுத்து வைக்கும் சிறுவர் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். புள்ளி தவறினால் எழுத்துத் தவறும். எழுத்துத் தவறினால் பொருள் தவறும்.

இக்காலத்து நிழற்படமும் புள்ளிகளால் ஆனதே. அப்புள்ளிகள் குறைந்தால் எழுத்தன்று, முகமே தவறிவிடும். இவ்வுண்மையை நான் நூலிலிருந்து அறியவில்லை. என் பிழையிலிருந்தே அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மலர் ஒன்றில், மறைந்த மூத்த பேராசிரியர் ஒருவருக்கு நினைவுப்பக்கம் ஒதுக்கினோம். அவருடைய தனிப்படம் கைவசம் இல்லை. ஆசிரியர் குழுப்படம் ஒன்று செல்பேசி வழியாகப் பலர் கைமாறி வந்து சேர்ந்தது. இரண்டாம் வரிசையில் நின்றிருந்த அவர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கி அச்சகத்துக்கு அனுப்பினேன். செல்பேசித் திரையில் ஓரளவு தெளிவாகவே தெரிந்தது. அச்சில் வந்தபோதோ கண்ணும் மூக்கும் கலங்கி, சிறு சிறு கட்டங்கள் அடுக்கியது போலக் காட்சியளித்தது. மலரைப் பெற்றுக்கொண்ட அவருடைய மகள் நெடுநேரம் அப்பக்கத்தையே பார்த்திருந்தார். பின்னர், "அத்தா முகம் மாதிரி இல்லையே, சார்" என்று மெல்லச் சொன்னார். அச்சிட்டோர்மீது குறையில்லை, கொடுத்த படம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே தாங்கிற்று. படிகள் அனைத்தும் வெளியேறிவிட்ட பின்பு திருத்துவதற்கு வழியேது?

மலர் தொகுக்கும் மாணவர்களும், ஜமாஅத் ஆண்டறிக்கை, திருமண மலர், நினைவு மலர் ஆகியவற்றை வெளியிடும் பெரியோர்களும் இப்பிழையைத் தவிர்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குப் பெருங்கணிதம் வேண்டுவதில்லை; பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

படப்புள்ளி என்பது யாது?

நம் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சின்னாளபட்டியின் சுங்குடிச் சேலையை அறியாதார் இலர். துணியில் சிறு சிறு முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் தோன்றும். புள்ளிகள் நெருங்கியிருந்தால் கோலம் தெளிவாக விளங்கும். அதே எண்ணிக்கையுள்ள புள்ளிகளை மூன்று மடங்கு அகலமான துணியில் பரப்பினால், கோலம் கலைந்து புள்ளிகள் மட்டுமே தனித்தனியே தெரியும்.

கணினி நிழற்படத்தின் இயல்பும் இதுவே. ஒரு படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு நிறத்தை எண்ணாகக் குறித்து வைப்பதே கணினியின் முறை. அச்சதுரத்தையே 'பிக்சல்' என்பர். தமிழில் படப்புள்ளி எனலாம். 1957-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் அறிஞர், மூன்று மாதக் குழந்தையாயிருந்த தம் மகனின் படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றினார். அப்படத்தில் நெடுக்கில் 176, குறுக்கில் 176 படப்புள்ளிகளே இருந்தன. இன்று நம் கையிலுள்ள சாதாரணச் செல்பேசியும் 4000-க்கு 3000 என்னும் அளவில், அதாவது 1 கோடியே 20 இலட்சம் படப்புள்ளிகளுடன் படம் எடுக்கின்றது. இதையே 12 மெகாபிக்சல் என்று குறிப்பிடுகின்றனர்.

ஈண்டு மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று. படம் எடுத்த கணத்தில் பதிவான புள்ளிகளே மெய்யான புள்ளிகள். பின்னர் எந்த மென்பொருளும் பதிவாகாத ஒன்றை மீட்டுத்தர இயலாது.

ஓர் அங்குலத்துக்கு 300 ஏன்?

"படம் 300 டி.பி.ஐ. இருக்க வேண்டும்" என்று அச்சகத்தார் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஓர் அங்குல நீளத்தில் 300 படப்புள்ளிகள் அமைய வேண்டும் என்பதே அதன் பொருள். இவ்வெண் எங்கிருந்து வந்தது?

அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறத்தை நேரே அச்சிடத் தெரியாது. மை படும், அல்லது படாது, இடைநிலை இல்லை. ஆதலின் கருமை மிகுந்த இடத்தில் பெரிய மைப்புள்ளிகளையும், வெளிறிய இடத்தில் சிறிய மைப்புள்ளிகளையும் இட்டு, நம் கண்ணுக்குச் சாம்பல் நிறம்போலத் தோன்றச் செய்கின்றனர். நாளிதழில் வந்த படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட நாளில், படத்தைத் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' செய்துதானே அச்சிட்டோம்? அந்தப் பிளாக்கின் மேற்பரப்பிலும் இப்புள்ளிகளே இருந்தன. வண்ணப்படமாயின் நீலம், செந்நீலம், மஞ்சள், கருப்பு என நான்கு மைகளின் புள்ளிகள் கலந்து பல்லாயிரம் நிறங்களாகத் தோன்றும்.

வழவழப்பான ஆர்ட் தாளில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 150 வரிசை மைப்புள்ளிகள் அமையும். மைப்புள்ளி ஒன்றைச் சரியாக வடிக்க நீளவாட்டில் இரண்டு படப்புள்ளிகள் இருத்தல் நலம் என்பது அச்சுத் துறையின் நெடுநாள் வழக்கு. 150-ஐ 2-ஆல் பெருக்கினால் 300. மை ஊறும் நாளிதழ்த் தாளில் வரிசைகள் 100 அல்லது அதற்கும் குறைவு. ஆதலின் அங்கே 200 போதும்.

நம் கண்ணின் ஆற்றலும் ஏறத்தாழ இவ்வெண்ணுக்கே நம்மைக் கொண்டுசெல்கின்றது. கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகின்றது என்பதை 11-ஆம் நூற்றாண்டிலேயே 'கிதாபுல் மனாளிர்' என்னும் தம் நூலில் நிறுவியவர் இப்னுல் ஹைஸம். அவ்வொளியைப் பெறும் நம் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியுள்ள இரு புள்ளிகளை அதனால் பிரித்தறிய இயலாது. ஓரடித் தொலைவில் நூலை வைத்துப் படிப்போருக்கு அவ்வெல்லை, ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 புள்ளிகள் என்றாகின்றது.

தொலைவு கூடக் கூடத் தேவை குறையும். பத்தடி தொலைவிலிருந்து பார்க்கும் பதாகைக்கு அங்குலத்துக்கு 30 புள்ளிகள் போதும். பேருந்து நிலையத்தருகே வைக்கும் பத்தடி அகலப் பதாகைக்கு 3600 புள்ளிகளே தேவை. செல்பேசிப் படம் அதற்குத் தாராளம். "பதாகையில் இவ்வளவு பெரிதாக வந்த படம் மலரில் ஏன் தெளிவாக வரவில்லை?" என்று வினவுவோர்க்கு விடை இதுவே. பதாகையை எட்டி நின்று பார்க்கிறோம். மலரையோ மடியில் வைத்துப் பார்க்கிறோம்.

கணக்கிடும் முறை

அச்சில் வரவேண்டிய அளவை அங்குலத்தில் எடுத்துக்கொண்டு 300-ஆல் பெருக்குக. தேவையான படப்புள்ளிகள் கிடைக்கும். மாறாக, கையிலுள்ள படத்தின் புள்ளிகளை 300-ஆல் வகுத்தால், எவ்வளவு பெரிதாக அச்சிடலாம் என்பது விளங்கும்.

நம் மலர்கள் பெரும்பாலும் கிரவுன் 1/4 அளவில் வருகின்றன. வெட்டிய பின் ஏறத்தாழ 7¼ அங்குல அகலம், 9½ அங்குல உயரம். முழுப்பக்கப் படத்துக்கு 2175-க்கு 2850 படப்புள்ளிகள் வேண்டும். மலைக்கோட்டையையோ பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலையோ செல்பேசியை நெடுக்காகப் பிடித்து எடுத்தால், 3000-க்கு 4000 புள்ளிகள் கிடைக்கும். அட்டைப்படத்துக்கு அது போதும். ஆனால், எட்ட நின்று எடுத்துவிட்டு, பின்னர் நான்கில் ஒரு பங்கு அகலத்தை மட்டும் வெட்டியெடுத்தால் எஞ்சுவது 750 புள்ளிகளே. அது 2½ அங்குலத்துக்கு மேல் தாங்காது. ஆதலின் பின்னர் வெட்டுவதைவிட, முன்னரே நெருங்கிச் சென்று எடுப்பதே முறை. செல்பேசித் திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுப்பதும் பல கருவிகளில் வெட்டியெடுப்பதற்கு ஒப்பானதே.

இனி என் பிழையைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். செல்பேசி வழியே வந்த குழுப்படத்தின் அகலம் 1600 புள்ளிகள். ஒரு வரிசையில் பன்னிருவர். ஒருவருக்கு 133 புள்ளிகள். அதில் முகத்தின் அகலம் பாதி, ஏறத்தாழ 65 புள்ளிகள். அம்முகத்தை நான் 2 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினேன். வேண்டியவை 600 புள்ளிகள், இருந்தவை 65. அகலத்திலும் உயரத்திலும் தேவையில் ஒன்பதில் ஒரு பங்கே இருந்தது. எஞ்சிய முகத்தைக் கணினி தானே இட்டு நிரப்பிற்று. மகள் தம் தந்தையை அடையாளம் காணாததில் வியப்பென்ன?

கைமாறினால் தரம் குறைவது ஏன்?

கேமராவில் 4000 புள்ளி அகலத்தில் பதிவான படம், செல்பேசிச் செயலி வழியே வரும்போது 1600 ஆகச் சுருங்குவது ஏன்? விரைவாகச் செல்லும் பொருட்டு, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தின் புள்ளிகளைக் குறைப்பதோடு, எஞ்சியவற்றையும் இறுக்கிச் சுருக்குகின்றன. 2023-இல் வாட்ஸ்அப் 'எச்.டி.' என்னும் உயர்தர வாய்ப்பைத் தந்தது. அதிலும் சுருக்கம் உண்டு. படத்தை 'டாகுமென்ட்' என்ற வகையில் இணைத்து அனுப்பினால் மட்டுமே மூலக்கோப்பு மாறாமல் செல்லும். மின்னஞ்சல் இணைப்பாக மூல அளவிலேயே அனுப்புவதும், பென்டிரைவில் நேரே கொடுப்பதும் நன்று.

இச்சுருக்கத்தின் பின்னணியில் நாம் பெருமை கொள்ளத்தக்க வரலாறு ஒன்றுண்டு. 1940-இல் பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் கற்று, அமெரிக்கா சென்று பேராசிரியரானவர் நசீர் அகமது. படத்தின் செய்திகளை அலைகளின் கூட்டாக மாற்றி, கண்ணுக்கு அதிகம் புலப்படாத நுண்ணலைகளை விலக்கிவிடலாம் என்பது அவர் கருத்து. 1972-இல் அவர் அமெரிக்க தேசிய அறிவியல் நிதியத்திடம் ஆய்வுக்குப் பொருளுதவி வேண்டினார், கிடைக்கவில்லை. எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. தி. நடராசன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து எழுதிய ஆய்வுரை 1974 சனவரியில் வெளிவந்தது. 1992-இல் உலகப் பொதுமுறையாக ஏற்கப்பட்ட 'ஜேபெக்' படச்சுருக்கத்தின் அடித்தளம் அதுவே. இன்று நாம் செல்பேசியில் அனுப்பும் படங்களுள் பெரும்பாலானவை அவர்கள் வகுத்த வழியிலேயே செல்கின்றன. ஆய்வு மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு என 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகின்றது. அளவோடு சுருக்கினால் வேறுபாடு தெரியாது. மீண்டும் மீண்டும் சுருக்கினால் நுண்மை அழிந்து, அக்கட்டங்களே வெளித்தெரியும். நினைவுப்பக்கத்தில் நான் கண்ட கட்டங்கள் இவையே. பயன்பாட்டிற்கு நன்மை தந்த முறையை அளவின்றிக் கையாண்டது நம் பிழை. ஆதலின் திருத்தம் செய்யும்போதெல்லாம் ஜேபெக் கோப்பாகவே திரும்பத் திரும்பச் சேமித்தல் கூடாது; பணி முடியும் வரை 'டிஃப்' வகைக் கோப்பாக வைத்துக்கொள்க.

அளவை மாற்றும் முறை

அளவை மாற்றுதல் என்னும் சொல் இரு வேறு செயல்களைக் குறிக்கின்றது. புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றாமல், அவற்றை எவ்வளவு நெருக்கமாக அச்சிடுவது என்று மட்டும் குறித்தல் ஒன்று. புள்ளிகளையே கூட்டியோ குறைத்தோ படத்தைப் புதிதாக ஆக்குதல் மற்றொன்று. முன்னதில் சேதமில்லை, பின்னதில் கவனம் வேண்டும்.

கேமராவிலிருந்து வரும் படத்தில் சில வேளை '72' என்று குறித்திருக்கும். அதைக் கண்டு அஞ்சி, படம் உதவாது என்று ஒதுக்குவோர் உளர். அக்குறிப்பு ஒரு சீட்டு மட்டுமே. 4000 புள்ளி அகலப் படம் 72 என்னும் குறிப்பில் 55 அங்குலத்துக்கும் மேல்; 300 என மாற்றினால் 13 அங்குலத்துக்குச் சற்று மேல். படம் ஒன்றே, புள்ளிகளும் அவையே. ஃபோட்டோஷாப் மென்பொருளில் 'இமேஜ் சைஸ்' பகுதியைத் திறந்து, 'ரீசாம்பிள்' என்பதன் எதிரேயுள்ள குறியை நீக்கிவிட்டு 300 எனக் கொடுத்தால் இம்மாற்றம் நிகழும். விலையின்றிக் கிடைக்கும் 'கிம்ப்' மென்பொருளில் இதற்குரியது 'பிரின்ட் சைஸ்'.

அவ்வாறு மாற்றிய பின் கிடைக்கும் அங்குல அளவு தேவைக்கு மிகுதியாயின், 'ரீசாம்பிள்' குறியை இட்டு (கிம்ப்பில் 'ஸ்கேல் இமேஜ்') வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். குறைப்பதால் தீங்கில்லை, படம் சற்று மென்மையாகத் தோன்றினால் இறுதியில் சிறிதளவு கூர்மை கூட்டுக. அளவு போதாதாயின் படத்தைச் சிறிதாக அச்சிடுவதே நேர்மையான வழி. 300-க்குப் பதிலாக 200 வரை இறங்கினாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். 150-க்குக் கீழே இறங்குதல் ஆகாது.

மேலும் மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, நீளத்தையும் அகலத்தையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். கட்டத்துக்குள் அடக்க வேண்டி ஒரு புறம் மட்டும் இழுத்தால் மெலிந்தவர் பருத்துவிடுவார். இரண்டாவது, படத்தை வேர்டு கோப்பில் ஒட்டி அனுப்பினால் அம்மென்பொருள் தானே படத்தைச் சுருக்கக்கூடும். படங்களைத் தனிக்கோப்புகளாகவே தருக. மூன்றாவது, எந்த மாற்றத்தையும் நகலில் செய்க, மூலத்தைத் தொடாதீர்.

பழைய படங்களைக் காத்தல்

பெரியோர்களின் இல்லங்களில் கடவுச்சீட்டு அளவுப் படங்களே பல வேளை எஞ்சியிருக்கின்றன. அவற்றைச் செல்பேசியால் சாய்வாகப் படமெடுத்து அனுப்புதல் கூடாது. ஸ்கேனர் கருவியில் வைத்துப் பதிவு செய்க. எத்தனை மடங்கு பெரிதாக்க விரும்புகிறோமோ அதனை 300-ஆல் பெருக்கினால், ஸ்கேன் செய்ய வேண்டிய அளவு கிடைக்கும். இரு மடங்காயின் 600. நான்கு மடங்காயின் 1200. ஆனால் தாளில் பதிந்த படத்தின் நுண்மைக்கும் எல்லை உண்டு. அதற்குமேல் கூட்டினால் தாளின் சொரசொரப்பே பெரிதாகும். பிலிம் நெகட்டிவ் கிடைத்தால் அதுவே சிறந்தது. 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள நெகட்டிவை 2400 அளவில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3400-க்கு 2260 புள்ளிகள் கிடைக்கும். முழுப்பக்கத்துக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருகின்றனவே என்று இளைஞர்கள் கேட்பர். அவை தருவது தெளிவே. உண்மையா என்பதே வினா. இல்லாத புள்ளிகளை அவை, தாம் முன்னர்க் கண்ட இலட்சக்கணக்கான முகங்களின் சாயலைக் கொண்டு ஊகித்து நிரப்புகின்றன. மலைக்கோட்டைப் பாறைக்கு அது பொருந்தலாம். மறைந்த ஆசிரியர் ஒருவரின் கண்ணையும் புருவத்தையும் ஊகித்து வரைந்தால், அழகிய முகமொன்று கிடைக்கும்; ஆனால் அது அவர் முகமாகாது. கல்வெட்டையும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படியையும் அவ்வாறு தெளிவாக்கினால், இல்லாத புள்ளி தோன்றி எழுத்தே மாறிவிடவும் கூடும். பாடபேதம் ஆராயும் தமிழ் மாணவர்க்கு இதன் தீங்கைக் கூறவேண்டியதில்லை. சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே காட்டுவது பதிப்பாசிரியரின் அறம். நிழற்படத்துக்கும் அவ்வறமே பொருந்தும்.

நிறைவாக

பேராசிரியரின் மகள் பின்னர் ஒருநாள் பழைய பெட்டியிலிருந்து தம் தந்தையின் கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றைத் தேடியெடுத்துத் துறைக்குக் கொண்டுவந்தார். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் அளவுள்ள அப்படத்தை 600 அளவில் ஸ்கேன் செய்தோம். 827-க்கு 1063 படப்புள்ளிகள் கிடைத்தன. 300-ஆல் வகுத்துப் பார்த்தேன்: 2¾ அங்குல அகலம், 3½ அங்குல உயரம். அந்த அளவிலேயே, ஒரு புள்ளியும் கூட்டாமல், இம்மலரில் அப்படம் இடம்பெறுகின்றது. முழுப்பக்கம் இல்லை, கால்பக்கத்துக்கும் குறைவே. ஆனால் அது அவர் முகம்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் மலர்கள் தொகுப்பீர்கள். அச்சகத்துக்குப் படத்தை அனுப்பும்முன் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். பெரியோர்களே, உங்கள் இல்லத்துப் பழைய படங்களை இப்போதே முறையாகப் பதிவு செய்து, மூலக்கோப்பை இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். நம்மை ஆளாக்கியோரின் முகங்கள் அடுத்த தலைமுறைக்கும் தெளிவாகச் சென்று சேர, வல்ல இறைவன் அருள்புரிவானாக.